கந்தலின் மூலதனம்

அமெரிக்காவில் இன்று முதல்முறையாக ஒட்டுத்துணிப் போர்வை தைக்கச் சங்கல்பம் செய்துகொள்ளும் ஒரு ஸ்திரீ வீட்டுக் கந்தல்களைத் தேடுவாள் என்று நினைப்பவர் உலகம் அறியாதவர். அவளோ கடைக்குச் சென்று, 18 அங்குலத்துக்கு 22 அங்குலமாக நறுக்கிவைத்த புத்தம்புதுப் பருத்தித் துணிகளையும், நடுவில் வைக்கப் பஞ்சுப் படலத்தையும், 1979-இல் ஜப்பானில் உதித்த சக்கரக் கத்தியையும், அது மேஜையைப் பிளந்துவிடாதிருக்க விசேஷ விரிப்பொன்றையும் சம்பாதித்துவந்து, நல்ல துணியைச் சிரத்தையாகத் துண்டாக்கி, அதனினும் சிரத்தையாக மறுபடி ஒன்றாக்குகிறாள். அலபாமா மாகாணத்து ஜீஸ் பெண்ட் கிராமத்துக் கறுப்பினப் பெண்கள், வயலில் உழைத்து நைந்த கால்சட்டைகளைக்கூட விடாமல் ஒட்டித் தைத்த போர்வைகளோ, 2002-இல் ஹூஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தின் சுவரிலேயே ஏறிவிட்டன. கந்தலுக்கும் மதிப்புண்டு என்ற இந்தச் சூக்ஷ்மத்தை வியாபாரிகள் உணராமலில்லை. கத்தரித்து மிஞ்சிய துண்டுத்துணிகளும் இப்போது பைபையாக விலைக்குக் கிடைக்கின்றன.