துண்டுக்கடியில் ஒரு கை

கிராய்டன், லண்டன்.

அன்புள்ள மாமாவுக்கு,

நலம். நீங்கள், அத்தை, பாட்டி, கடை எல்லோரும் நலமா? கடையை விசாரிக்காமல் விட்டால் உங்களுக்குக் கோபம் வரும் என்று அம்மா சொன்னாள்.

முதலில் பாட்டியைச் சமாதானப்படுத்துங்கள். என்னை இங்கே ஆறாம் கிளாஸில் தூக்கிப் போடவில்லை. ‘சிக்ஸ்த் ஃபார்ம்’ என்றால் நம் ப்ளஸ் ஒன், ப்ளஸ் டூ. பதினோரு வயதில் சேரும் வகுப்பை ஒன்று என்று வைத்து எண்ணிய பழைய கணக்கு அது. டூரிங் டாக்கீஸை இடித்த பிறகும் நம்மூர் பஸ் ஸ்டாப்புக்கு அதே பேர் இல்லையா, அப்படித்தான்.

ஃபீஸ் கிடையாது, யூனிஃபார்ம் கிடையாது, பாடம் மூன்றே மூன்று. இதைக் கேட்டு ‘கொடுத்து வைத்தவன்’ என்று நினைத்துவிடாதீர்கள். டீச்சரைப் பேர் சொல்லிக் கூப்பிட வேண்டுமாம்! இரண்டு மாதமாக முயற்சி செய்கிறேன், நாக்கு எழும்பவில்லை. அவர் திரும்பிப் பார்க்கும் வரை இருமுகிறேன். எனக்கு ஆஸ்துமா என்று வகுப்பில் பேச்சு.

பொருளியலில் நான் புலி என்று நினைத்துத்தான் போனேன். அங்கே ப்ளஸ் ஒன்னில் செல்வ இலக்கணம், நல இலக்கணம், கிடைப்பருமை இலக்கணம், வளர்ச்சி இலக்கணம் என்று நாலையும் தூக்கத்தில் எழுப்பினாலும் ஒப்பிப்பேனே. இங்கே இதுவரை ஒருத்தரும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்கவில்லை.

முதல் கட்டுரை, சர்க்கரை பானங்களுக்குப் போட்ட வரி சரியா என்று. 2018 ஏப்ரலில் வந்த வரி அது. நூறு மில்லியில் சர்க்கரை 5 கிராமைத் தொட்டால் லிட்டருக்கு 18 பென்ஸ், 8 கிராமைத் தொட்டால் 24 பென்ஸ் என்று ஆரம்பித்தார்கள். சரிதான், சர்க்கரை கெடுதல், அரசு வாழ்க என்று ஐந்து பக்கம் எழுதினேன். 25-க்கு 11. ஓரத்தில் ஒரே ஒரு வரி: ‘உன்னோடு யாரும் சண்டைக்கு வரவில்லையே?’

அப்புறம்தான் சூட்சுமம் விளங்கியது. சொன்னதை நாமே திரும்ப வந்து உதைக்க வேண்டும். வரி ஏழை வீட்டுப் பிள்ளையின் பாக்கெட்டைத்தானே அதிகம் கடிக்கும்? சரி, ஆனால் வரி வரும் முன்பே கம்பெனிகள் சர்க்கரையைக் குறைத்துவிட்டனவே? அதனால் அரசு முதலில் எதிர்பார்த்த பணமும் வரவில்லையே? வசூல் குறைந்தது தோல்வியா, வெற்றியா? இப்படி நம் கட்சிக்கு நாமே எதிர்க்கட்சியாக நின்று, கடைசியில் ‘அது பல விஷயத்தைப் பொறுத்தது’ என்று சொல்லி, எந்தெந்த விஷயம் என்றும் எழுதினால்தான் மேல் மார்க்.

எனக்கு உடனே உங்கள் ஞாபகம் வந்தது. சைக்கிள் கேட்டபோது என்ன சொன்னீர்கள்? “பார்க்கலாம்டா. மழை பெய்யணும், வத்தல் விலை நிக்கணும், மண்டியில பாக்கி வரணும்.” அன்று அழுதேன். இன்று சொல்கிறேன், அது முழு மார்க் பதில்.

அடுத்தது ஆடம் ஸ்மித். 1776-இல் புத்தகம் போட்டவர். சந்தையை ‘கண்ணுக்குத் தெரியாத கை’ நடத்துகிறது என்பது அவர் பேரோடு ஒட்டிக்கொண்ட சொல். மிஸ் இதைச் சொன்னதும் நான் கையைத் தூக்கிவிட்டேன். “அந்தக் கை எங்க தாத்தாவோடது மிஸ்!” என்று ஆரம்பித்து, மாட்டுச் சந்தையில் தாத்தா துண்டைப் போட்டு மூடி, அடியில் விரலைப் பிடித்து விலை பேசுவதைச் சொன்னேன். நம்பவில்லை. பக்கத்துப் பையனின் மஃப்ளரை வாங்கி, அவன் விரலையே பிடித்துக் காட்டினேன். அவன் நெளிந்த நெளிப்பில் அந்த மாடு நல்ல விலைக்குப் போயிருக்கும்.

கைதட்டல் ஓய்ந்ததும் மிஸ் கேட்டார்: “பக்கத்தில் நிற்கிற விவசாயிக்கு அந்த விலை தெரியுமா?” தெரியாது. தெரியக் கூடாது என்பதற்குத்தானே துண்டே! அப்படியானால் இது ஸ்மித்தின் கை இல்லை என்றார். விலை நாலு பேருக்குத் தெரிந்தால்தான் அந்தக் கை வேலை செய்யுமாம். ஒருத்தருக்குத் தெரிந்து இன்னொருத்தருக்குத் தெரியாவிட்டால் அது ‘சந்தைத் தோல்வி’. தாத்தா நாற்பது வருஷம் சம்பாதித்தது அந்தத் தோல்வியில்தான் என்பதைப் பாட்டியிடம் பக்குவமாகச் சொல்லுங்கள். சொல்லாவிட்டாலும் நல்லது.

போன வாரம் சயின்ஸ் மியூசியம் போனோம். டிக்கெட் இலவசம் என்றதும் அம்மாவும் வருகிறேன் என்றாள். பில்லிப்ஸ் என்ற நியூசிலாந்துக்காரர் 1949-இல் தண்ணீரில் ஓடும் பொருளாதார மெஷின் ஒன்று செய்தார். ஆள் உயரத்துக்கும் மேலே, கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக் தொட்டிகள், குழாய்கள். வருமானம் தண்ணீராக மேலிருந்து இறங்கும். வரிக்கு ஒரு மடை, சேமிப்புக்கு ஒரு மடை, இறக்குமதிக்கு ஒரு மடை. மடையைத் திறந்தால் எங்கே வற்றுகிறது, எங்கே பொங்குகிறது என்று கண்ணால் பார்க்கலாம். மியூசியத்தில் இருப்பதில் தண்ணீர் ஓடவில்லை. “நம்ம கண்மாய் மாதிரியே இருக்கு” என்றாள் அம்மா.

இதில் விசேஷம், பில்லிப்ஸ் அந்த மெஷினைக் கட்டியது எங்கள் கிராய்டனில், வாடகை வீட்டுக்காரம்மாவின் கார் ஷெட்டில். போர் விமானத்துப் பழைய சாமான்கள்கூட அதில் உண்டு. நாட்டின் கணக்கையே தண்ணீரில் ஓட்டிக் காட்டிய அதே ஊரில், 2020 நவம்பரில் கவுன்சில் ‘கையில் காசில்லை’ என்று முறைப்படி நோட்டீஸ் விட்டது. எந்த மடை திறந்து கிடந்ததோ!

இன்னொன்று. விலைவாசி வருஷத்துக்கு 2 சதவீதம்தான் ஏற வேண்டும் என்று இங்கே ரிசர்வ் பேங்க் மாதிரி உள்ள பேங்குக்கு இலக்கு. அதிலிருந்து ஒரு புள்ளிக்கு மேல் தப்பினால் கவர்னர் நிதி மந்திரிக்குக் காரணம் சொல்லிக் கடிதம் எழுத வேண்டும். 2022 அக்டோபரில் 11.1 வரை போனது. ஆஸ்டலில் இருந்து அண்ணன் எழுதுவானே, அந்தக் கடிதங்கள்தான் நினைவுக்கு வந்தன.

கடைசியாக ஒரு காரியம். தேவை நெகிழ்ச்சி பற்றி எழுத நிஜக் கணக்கு வேண்டும். நீங்கள் நல்லெண்ணெய் விலையை ஏற்றியபோது எத்தனை பேர் ஒரு லிட்டரிலிருந்து அரை லிட்டருக்கு இறங்கினார்கள் என்று எழுதுங்கள். ‘பார்க்கலாம்’ என்று எழுதாதீர்கள்.

அன்புடன்,
உங்கள் மருமகன்.

பி.கு.: கடை நோட்டையே போட்டோ எடுத்து அனுப்பினாலும் சரி என்கிறார் மிஸ். எந்த நோட்டு என்பதை நீங்களும் அத்தையும் பேசி முடிவு செய்யுங்கள்.