யார் வீட்டுத் தாத்தாவோ

பினாங்கில் ஐம்பது வயதைத் தாண்டிய ஆண்களைப் பிடிக்கிற வியாதிகள் மூன்று: சர்க்கரை, கொழுப்பு, பழைய போட்டோ. முதல் இரண்டுக்கும் நாசி கண்டாரைக் குறைக்கச் சொல்கிறார் டாக்டர். மூன்றாவதற்குப் பத்தியம் எதுவும் சொல்லவில்லை. எனக்கு அது முற்றிப்போய், முன்பின் பார்த்திராத மனிதர்களின் கல்யாணப் படங்களைக் காசு கொடுத்து வாங்கி வீட்டில் அடுக்குகிற கட்டத்துக்கு வந்திருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை மீன் வாங்கத்தான் கிளம்புவேன். மோட்டார் சைக்கிள் தானாகவே ஸ்டேடியத்தை ஒட்டிய லோரோங் கூலிட் பழைய சாமான் சந்தைப் பக்கம் திரும்பிவிடும். தரையில் தார்ப்பாயை விரித்து, ஓடாத ஃபேன், ஜோடி தொலைத்த சப்பாத்து, ஜப்பான்காரன் காலத்து வாழைமர நோட்டு என்று பரப்பியிருப்பார்கள். நடுவே ஒரு பிஸ்கட் டின். அதற்குள்தான் என் விதி. சீனக் கிழவர் ஒருவர் என்னைத் தூரத்தில் பார்த்ததுமே, “அண்ணே, பாரு பாரு!” என்று டின்னைத் தட்டுவார். விலை கேட்கும்போது ஆசையை முகத்தில் காட்டக்கூடாது என்பது இந்தத் தொழிலின் பாலபாடம். நான் குனிந்ததுமே ஐந்து வெள்ளிப் படம் பதினைந்து ஆகிவிடுகிறது. என் முகம் அப்படி. மீன் காசு தாத்தாவாக மாறி வீடு வந்து சேரும்.

இத்தனை குடும்பப் படங்கள் எப்படி ரோட்டுக்கு வந்தன? சட்டம்தான் காரணம். 1948க்கு முன் கட்டிய கட்டடங்களுக்கு வாடகையை இஷ்டம்போல் ஏற்ற முடியாதபடி 1966ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் கட்டிப்போட்டிருந்தது. 2000ஆம் ஆண்டு பிறந்ததும் அந்தக் கட்டு அவிழ்ந்தது. தலைமுறைகளாகக் கடைவீடுகளில் அற்ப வாடகைக்கு இருந்தவர்கள் ஆயர் ஈத்தாம், ரெலாவ், பட்டர்வொர்த் என்று அடுக்குமாடிகளைத் தேடிப் போனார்கள். கட்டிலும் டிவியும் லாரியில் ஏறின. பெரிய கண்ணாடிச் சட்டம் போட்ட தாத்தாவுக்குப் புது வீட்டில் ஆணி அடிக்க இடமில்லை. பழைய சாமான்காரர் வந்து தூக்கிப்போனார். பிறகு 2008இல் யுனெஸ்கோ மலாக்காவையும் ஜார்ஜ் டவுனையும் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. காலியான வீடுகள் காபிக் கடைகளும் தங்கும் விடுதிகளும் ஆயின. சுவர் வெறிச்சென்று இருக்கிறதே என்று அவர்கள் தேடிப்பிடித்து மாட்டியது அதே தாத்தாக்களை. வாடகை கட்ட முடியாமல் பின்வாசல் வழியாகப் போனவர், பதினைந்து வெள்ளிக் காபிக்கு மேலே, முன்சுவரில், சிரிக்காமல் உட்கார்ந்திருக்கிறார். இப்போது அவரிடம் யாரும் வாடகை கேட்பதில்லை.

என்னிடம் இருப்பதில் அடிக்கடி எடுத்துப் பார்ப்பது ஒரு தம்பதி படம். அவர் நாற்காலியில், கைக்கடிகாரம் தெரிந்தே ஆகவேண்டும் என்று மணிக்கட்டைக் கேமராவுக்கே நீட்டியிருக்கிறார். சட்டைப் பையில் இரண்டு பேனா. காலில் சப்பாத்து, இரண்டு சைஸ் பெரியது, ஸ்டூடியோவுடையதாக இருக்கும். அந்தம்மா பக்கத்தில் நிற்கிறார். நாற்காலி முதுகைப் பிடித்த விரல்கள், புருஷன் தோளில் பட்டுவிடக்கூடாது என்று உள்ளே மடங்கியிருக்கின்றன. பின்னால் துணியில் வரைந்த மாளிகைப் படிக்கட்டு. துணியின் அடிப்பக்கம் தரையில் சுருண்டு கிடக்கிறது. படத்தைத் திருப்பினால் பென்சிலில் ‘அக்காவுக்கு’ என்று ஒரு சொல், அதன் கீழே ஸ்டூடியோ போட்ட நான்கு இலக்க நெகட்டிவ் எண். அவ்வளவுதான். ரஜூலா கப்பலில் நாகப்பட்டினத்துக்குப் போயிருக்க வேண்டிய பிரதி என்பது என் ஊகம்.

“எந்த அக்காவுக்கு?” என்றாள் மனைவி.

“தெரியல.”

“அந்த அக்காவே தேடல. நீங்க ஏன் தேடுறீங்க?”

அறிவுபூர்வமாகப் பேசிப் பார்த்தேன். 1862இல் ஜான் தாம்சன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் இந்தப் பக்கம் வந்து, பினாங்கில் பத்து மாதம் போல் தங்கிப் படமெடுத்தார். மனிதக் கை படாமல் உருவம் பிடிப்பது பேய் வேலை என்று சீனர்கள் அவரிடம் உதவிக்கு வர மறுக்க, மெட்ராஸ்காரர் இருவரைப் பழக்கித்தான் படங்களை அச்சடித்தார். 1875இல் வந்த தன் புத்தகத்தில் அவரே இதை எழுதியிருக்கிறார். “ஆக, பினாங்கு போட்டோவில் நம்மாட்கள் கை ஆரம்பத்திலேயே பட்டிருக்கிறது, இது பரம்பரை” என்றேன். “அவங்க சம்பளம் வாங்கினாங்க. நீங்க குடுத்துட்டு வர்றீங்க” என்றாள்.

விடவில்லை. 2007இல் சிகாகோவில் ஜான் மாலூஃப் என்ற இளைஞர் ஏலத்தில் 380 டாலர் போல் கொடுத்து ஒரு பெட்டி நெகட்டிவ் வாங்கினார்; அந்தப் படங்களை எடுத்தவர் விவியன் மாயர் என்ற பிள்ளை பார்க்கும் பெண்மணி; இன்று உலகப் புகழ். புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம்கூடப் பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு தமிழ்நாட்டுப் பழைய ஸ்டூடியோப் படங்களைத் தேடித் தேடிப் பதிவு செய்திருக்கிறது. எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அவங்க யாரும் மீன் வாங்கப் போனவங்க இல்லையே” என்றாள்.

வாங்குவதாவது பரவாயில்லை, காப்பாற்றுவதுதான் பாடு. பினாங்கின் ஈரக் காற்றுக்குக் கறுப்பு வெள்ளைப் படத்தின் இருட்டான பகுதிகளில் வெள்ளி மேலே கிளம்பிக் கண்ணாடிபோல மினுங்கும், பிறகு பூஞ்சை. எழுபதுகளின் கலர் படமென்றால் ஊரே சிவந்துவிடும். பசை தடவிய பக்கத்தில் ஒட்டி மேலே பிளாஸ்டிக் மூடுகிற ஆல்பங்கள் ஒரு காலத்தில் வீட்டுக்கு வீடு வந்தன. அவற்றைப்போலப் படத்தைக் கொன்றது வேறில்லை. நான் சப்பாத்துப் பெட்டிகளில் வருகிற சிலிக்கா பொட்டலங்களைச் சேர்த்து, மைலோ டின்களில் போட்டு, மனைவியின் பட்டுப்புடவை அலமாரியில் தாத்தாக்களைக் குடிவைத்தேன். புடவைகள் இப்போது கட்டிலுக்கடியில் இருக்கின்றன. நானும் ஏறக்குறைய அங்கேதான்.

அந்தத் தம்பதி மட்டும் வரவேற்பறையில். தீபாவளிக்கு வந்த நண்பர், “உங்க தாத்தா மூக்கு அப்படியே உங்களுக்கு!” என்றார். மறுக்க மனம் வரவில்லை. அதற்கு முதல் நாள் முன்னோருக்குப் படைத்தபோதே மாமியார் கண்ணாடிமேல் சந்தனமும் குங்குமமும் வைத்துவிட்டார். “யாரா இருந்தா என்ன மாப்பிள்ளை, பெரியவங்க.” கையோடு சட்டத்தைக் கழற்றி, பின்னாலிருந்த எண்ணைக் குறித்துக்கொண்டுபோய் நாலு நம்பர் லாட்டரி எழுதினார். ஆறுதல் பரிசு விழுந்தது. அன்றுமுதல் அந்தப் படத்தை அசைக்க இந்த வீட்டில் யாருக்கும் அதிகாரமில்லை. அடுத்த ஞாயிறு, “வேற தாத்தா கிடைச்சா பாருங்க” என்று மாமியாரே காசு கொடுத்தார்.

ஆகவே வாசகர்களே, உங்கள் வீட்டுப் படங்களை இன்றைக்கே கழற்றித் திருப்புங்கள். மெத்தென்ற பென்சிலால், அழுத்தாமல், யார், எந்த ஊர், எந்த வருஷம் என்று எழுதுங்கள். பால்பேனா வேண்டாம், மை முன்பக்கம் ஊறிவிடும். லாமினேட் செய்யவே செய்யாதீர்கள். ‘அக்காவுக்கு’ என்று எழுதினால் அக்கா பெயரையும் சேர்த்து எழுதுங்கள். விற்கத்தான் போகிறீர்கள் என்றாலும் எழுதிவிட்டு விற்றுவிடுங்கள். வீட்டில் கேட்கிறார்கள், நான் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.