மாடியில் ஓர் ஆப்பிள்

கேள்வி: உதகையில் ஆசையோடு வாங்கிவந்த ஆப்பிள் கன்று, சென்னையில் என் வீட்டு மொட்டைமாடியில் காய்க்குமா?

பதில்: மாடியை இன்னும் 7,000 அடி உயர்த்திக் கட்ட மாநகராட்சி அனுமதி தருமானால், பேஷாக! ஆப்பிளில் பெரும்பாலான ஜாதிகள், இலையுதிர்த்து, 7 டிகிரிக்குக் குறைந்த குளிரில் ஏறக்குறைய 1,000 மணி நேரம் நித்திரை செய்து எழுந்தாலன்றிப் புஷ்பிக்க இசையா. மார்கழி இரவிலும் 20 டிகிரியை ஒட்டியே நிற்கும் நம் பட்டணத்திலோ, வீட்டுக்காரருக்கே நித்திரை கிட்டுவது அபூர்வம்.

கேள்வி: 'எந்த இடத்திலும் வளரும்' என்று நர்சரிக்காரர் சத்தியம் செய்து கொடுத்த செடி, ஒரே வாரத்தில் கருகிவிட்டதே?

பதில்: சத்தியம் செய்தவர் அவர்தானே, வெயில் அல்லவே! பச்சை நிழல்வலையின் கீழே, தென்னைநார்த் தூளில் வேரூன்றி, வேளை தவறாமல் நீர் அருந்தி வளர்ந்த ஒரு ஜீவனைச் சித்திரை வெயிலில் திடீரென்று கொண்டுவந்து நிறுத்தினால், அது வேறு என்ன செய்யும்? செடி வாங்கப் புறப்படுமுன் அண்டைவீட்டு மதிலுக்கு அப்பால் ஒருமுறை எட்டிப் பார்ப்பது உத்தமம்: அங்கே நந்தியாவட்டையும் செம்பருத்தியும் எவருடைய சிசுருஷையுமின்றிச் செழித்திருக்குமாயின், உங்கள் மண்ணின் அபிப்பிராயமும் பெரும்பாலும் அதுவே.