கிள்ளுவிரல் இலக்கணம்: தேக்கா வட்டாரத் திரைகளை முன்வைத்து

கைத்தொலைபேசித் திரையை இரு விரலால் விரித்துப் பெரிதாக்கும் செயலுக்குத் தமிழில் இதுவரை இலக்கணம் எழுதப்படவில்லை. தொல்காப்பியருக்கு அந்தத் தேவை எழவில்லை. நன்னூலார் காலத்தில் சாப்பிட என்ன இருக்கிறதென்று பரிமாறுபவரே வாயால் சொல்லியிருப்பார். இன்றோ சிங்கப்பூரின் சிராங்கூன் சாலையில் ஒரு செட் தோசை கேட்பதற்கும், மேசையில் ஒட்டிய கியூஆர் குறியீட்டின் முன் கைத்தொலைபேசியைப் பவ்வியமாக நீட்ட வேண்டியிருக்கிறது. ஆகவே இந்நூல் செய்தோம். நூற்பயன்: தோசை வந்து சேர்தல்.

வடக்கே சையது ஆல்வி ரோடு, தெற்கே தேக்கா நிலையம். இடைப்பட்ட நிலமே ஆய்வின் எல்லை. இந்நிலம் ஏன் எனின், சிங்கப்பூர் உலகிலேயே கிட்டப்பார்வை மிகுந்த நாடுகளுள் ஒன்று. அதைத் தடுக்கவே 2001இல் தேசியத் திட்டம் ஒன்று தொடங்கினார்கள். மறுபுறம், குடிமக்களில் ஏறத்தாழ ஐவரில் ஒருவர் 65 வயதைத் தொட்டவர். கிட்டப்பார்வையில் வளர்ந்து வெள்ளெழுத்தில் முதிர்ந்த இப்படியொரு மக்கள்திரள் இந்த ஆய்வுக்கு வேறெங்கும் எளிதில் வாய்க்காது.

திரை பார்க்கும் மாந்தர் நால்வகையர்: கிள்ளுவார், தட்டுவார், நீட்டுவார், ஒப்படைப்பார். கிள்ளுவார் இரு விரலால் விரிப்பவர். தட்டுவார் ஒரே இடத்தில் இருமுறை தட்டி, எண்ணியதை விட்டுவிட்டு இரண்டு பிளேட் இட்லியைக் கூடையில் சேர்த்துவிடுபவர். ஒப்படைப்பார், "தம்பி, இதுல பூரி எங்க இருக்குன்னு கொஞ்சம் பாருங்க" என்று பக்கத்து மேசைக்காரரிடம் திரையைக் கொடுத்துவிடுபவர். இவர்களுள் நீட்டுவாரைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, கையை முழுநீளத்துக்கு நீட்டி, தலையையும் பின்னே சாய்க்கும் அங்கிளைப் பார்த்துப் பேரப்பிள்ளைகள் சிரிக்கிறார்கள். அவர்கள் அறியாதது ஒன்று உண்டு. இணையத்தின் நடைநூலான சிஎஸ்எஸ் தன் பிக்சலை அளப்பதே கைநீளத் தொலைவில் வைத்துத்தான்: 28 அங்குலத்துக்கு அப்பால் வைத்த ஓர் அங்குலத்தின் 96இல் ஒரு பங்கு. உலகத் தரத்தை அச்சுப் பிசகாமல் பின்பற்றும் ஒரே பிரிவினர் நீட்டுவாரே. அவருக்கும் எழுத்து தெரிவதில்லை என்பது வேறு செய்தி.

இனி, காட்சியின் இயல்பு. 1935இல் கோ. சாரங்கபாணி தொடங்கிய தமிழ் முரசை மேசைமேல் விரித்து, மேலே பூதக்கண்ணாடியைப் பிடித்துப் படிக்கும் ஒரு பெரியவரை எண்ணிக்கொள்க. விரித்த தாளின் பரப்பு ஒன்று. கண்ணாடிக்குள் அகப்படும் பரப்பு வேறொன்று. முன்னதை உலாவி நிரல்கள் லேஅவுட் வியூபோர்ட் என்றும் பின்னதை விஷுவல் வியூபோர்ட் என்றும் வழங்கும். விரலால் விரிக்கும்போது தாள் அப்படியே கிடக்கிறது. வரி உடைவதில்லை, பத்தி நகர்வதில்லை. கண்ணாடிதான் நெருங்குகிறது. மேசைக்கணினியில் கன்ட்ரோலையும் கூட்டல் குறியையும் சேர்த்து அழுத்துவதோ முற்றிலும் வேறு வினை. அங்கே தாளையே பெரிய எழுத்தில் மறுபடி அச்சடிக்கிறார்கள். 1280 பிக்சல் அகலப் பக்கம் 400 விழுக்காட்டில் 320 அகலத்துக்குள் மடங்கி அடங்க வேண்டும். 2018இல் வந்த அணுகல்தன்மை விதிகள் இதை எதிர்பார்க்கின்றன. இரண்டையும் ஒன்றென மயங்கி நிரல் எழுதுவோர் பலர்.

பண்டைக் காலத்தில் இம்மயக்கத்துக்கு இடமில்லை. சிங்கப்பூர்க் கவிதைகளை நான்கு மொழியிலும் தாங்கிய இணையப் பக்கத்தை 1995 அக்டோபரில் அதிபர் ஓங் டெங் சியோங் தொடங்கிவைத்தார். அதில் தமிழ் ஏற உழைத்தவர் நா. கோவிந்தசாமி. மேசைக்கணினி யுகமாதலால் தாளும் கண்ணாடியும் ஒன்றாகவே இருந்தன. 2007இல் ஐபோன் வந்துதான் இரண்டையும் பிரித்தது. 320 பிக்சல் அகலத் திரைக்குள், 980 பிக்சல் அகலம் என்று பாவித்த பக்கத்தை அது மூன்றில் ஒரு பங்காகச் சுருக்கிக் காட்டியது. 12 பிக்சல் எழுத்து 4 பிக்சலுக்கும் கீழே போயிற்று. அந்த அளவில் ஆங்கிலத்தையாவது ஊகித்துவிடலாம். மூன்று சுழி, இரண்டு சுழி என்று வேறுபடுத்திப் படிக்க வேண்டிய நம் ணகர னகரங்கள் எறும்பு வரிசையாகிவிடும். ஆக, கிள்ளல் நமக்குச் சொகுசு அன்று. எழுத்திலக்கணத்தின் ஒரு பகுதி.

இரு பரப்பின் வேறுபாட்டை 2010இல் நெதர்லாந்தின் பீட்டர்-பால் கோஹ் பிரித்து எழுதினார். ஆனால் கண்ணாடி இப்போது எங்கே இருக்கிறது, எத்தனை மடங்கு பெருக்குகிறது என்று ஜாவாஸ்கிரிப்ட் நேராகக் கேட்பதற்கு உரிய வழி குரோமில் 2017இலும் சஃபாரியில் 2019இலும் ஃபயர்ஃபாக்ஸில் 2021இலும்தான் வந்தது. கேட்டால் அகலம், உயரம், தாளின் ஓரத்திலிருந்து எவ்வளவு தள்ளி, எத்தனை மடங்கு என எல்லாம் சொல்லும். கண்ணாடி நகர்ந்தாலோ அதன் அளவு மாறினாலோ குரலும் கொடுக்கும்.

இதைக் கேளாதார் படைத்த பக்கம் என்னாகும்? வட்டாரத்தின் ஓர் உணவகத்தில் கண்டது இது. "ஆர்டர் செய்" பொத்தானைத் திரையின் அடியில் நிலையாக ஒட்டியிருந்தார்கள். நிலையாக என்றால் தாளின் அடியில். ஓர் ஆண்ட்டி மசால் தோசையின் விலையைப் பார்க்க விரித்தார். கண்ணாடி மேலே நின்றது, பொத்தான் கீழே போனது. தேடிப் பிடித்து மேசை எண்ணை எழுதத் தொட்டதும் விசைப்பலகை எழுந்து பொத்தானை மறைத்தது. ஐபோனில் விசைப்பலகை வந்தால் கண்ணாடி மட்டுமே சிறுக்கும், தாள் சிறுக்காது. ஆண்ட்ராய்டு குரோமும் 2022இல் அதே வழக்குக்கு மாறிவிட்டது. ஆண்ட்டி கையை உயர்த்தி, "அண்ணே, ஒரு மசால் தோசை, ஒரு தே ஓ" என்றார். உடனே வந்தது. பழைய முறை இன்னும் வழக்கொழியவில்லை.

இனித் தடையும் விடையும். 'பெரிதாக்க விட்டால் வடிவமைப்பு குலையும். ஆதலின் பெரிதாக்கலையே தடுத்துவிடுவோம்' என்பர் ஒருசாரார். யூசர்-ஸ்கேலபிள் = நோ என்று பக்கத்தின் தலையில் எழுதிவைப்பது அவர் மரபு. பெரும்பாலும் அவர்கள் தீயவர் அல்லர். உள்ளீட்டுப் பெட்டியின் எழுத்து 16 பிக்சலுக்குக் குறைந்தால் ஐபோன் தானாகவே பெரிதாக்கிக்கொள்ளும். அந்தத் தொல்லைக்கு அஞ்சிக் கதவையே பூட்டியவர்கள். இவரை நோக்கி யாம் செய்த நூற்பா:

கண்ணும் விரலும் காண்போர் உடைமை;
தடுத்தல் நிரலோன் தொழிலன்று என்ப.

'என்ப' என்றது பிறர் கூற்றுப்போல் தோன்றினும், யாமே கூறியதாகக் கொள்க. ஆப்பிளும் இக்கருத்தினரே: 2016இன் ஐஓஎஸ் 10 முதல் சஃபாரி அந்தத் தடையைக் கண்டுகொள்வதில்லை. ஆண்ட்ராய்டு குரோம் இன்னும் சொன்னபடி கேட்கும். மீற வேண்டுமானால் அமைப்புகளுக்குள் போய் அணுகல்தன்மைப் பிரிவில் ஒரு பெட்டியைக் குறிக்க வேண்டும். அதைத் தேடிக் குறிக்கத் தெரிந்த மூத்தோருக்குப் பெரும்பாலும் கண்ணும் நன்றாகவே தெரிகிறது.

'அற்றேல், கண்ணாடியை அறிந்த நிரல் பொத்தானை அதன் பின்னாலேயே ஓட்டட்டுமே' எனின், அதுவும் அளவோடு நிற்க. ஐந்து மடங்கு பெருக்கிய திரையில் பொத்தானையும் ஐந்து மடங்காக்கித் துரத்தினால் தோசைப் பெயருக்கு இடமிராது. இடத்தைக் கண்ணாடியிடம் கேட்டு, அளவை மடங்கால் வகுத்துச் சுருக்கி, விளம்பரப் பட்டையை முழுதாக ஒளித்துவிடுவதே முறை. விசைப்பலகை எழும்போது கண்ணாடியின் உயரத்தைப் பார்த்துப் பொத்தானை விசைப்பலகைக்குமேல் ஏற்றுவதும் அப்படியே. சில வரி நிரல்தான். ஒரு தே தாரிக் ஆறுவதற்குள் எழுதி முடிக்கலாம்.

ஆதலின் நிரல் எழுதும் தம்பி தங்கைகளே, இன்று உங்கள் பக்கத்தின் தலைப்பகுதியைத் திறந்து பாருங்கள். யூசர்-ஸ்கேலபிள் = நோ இருந்தால் அழித்துவிடுங்கள்; மேக்ஸிமம்-ஸ்கேல் ஒன்று என்றிருந்தால் அதையும். உள்ளீட்டுப் பெட்டியின் எழுத்தை 16 பிக்சலாக்குங்கள். பிறகு உங்கள் வீட்டுத் தாத்தாவிடம் கைத்தொலைபேசியைக் கொடுத்து, பக்கத்தில் நின்று உதவாமல், ஒரு செட் தோசை வாங்கச் சொல்லுங்கள்.