பனியில் பதிந்த கால்களும் மலைச்சாலையில் ஓடும் கால்களும்

நம் ராணுவத்தின் சமூக ஊடகப் பிரிவுக்கு இருக்கும் கூரிய பார்வை யாருக்கும் வராது. 2019 ஏப்ரலில் நேபாளத்தில் மகாலு அடிவார முகாமுக்கு அருகே பனியில் ஒரு தடம் தெரிந்தது. 32 அங்குல நீளம், 15 அங்குல அகலம் என்று அளந்து, பனிமனிதனின் காலடி என்று ட்விட்டரில் படத்தோடு வெளியிட்டார்கள். இல்லாத உயிருக்கே இத்தனை மரியாதை!

ஏலகிரியின் பதினான்கு கொண்டை ஊசி வளைவுகளில் இருட்டு விலகுமுன் ஓடும் பையன்களின் கால்கள் அவ்வளவு பெரியவை அல்ல. ஆகவே டெல்லிவரை தெரியாதது குற்றமில்லை. ஒருவனின் அம்மா ஆம்பூர் ஷூ கம்பெனியில் வெளிநாட்டுக்குப் போகும் ஷூக்களுக்கு அப்பர் தைக்கிறார். மகனின் கேன்வாஸ் ஷூவோ வாய்பிளந்து, பசைபோட்டு ஒட்டியது. அதைப் போட்டுக்கொண்டுதான் ராணுவ ஆளெடுப்பின் 1,600 மீட்டர் ஓட்டத்துக்குப் பயிற்சி.

கொரோனா வந்த இரண்டு ஆண்டுகள் ஆளெடுப்பு நின்றது, ராணுவத்தின் சமூக ஊடகப் பதிவுகள் நிற்கவில்லை. ஓட்டத்திலும் மருத்துவத்திலும் தேறி, எழுத்துத் தேர்வுக்குக் காத்திருந்தவர்களுக்கு 2022 ஜூனில் பதில் கிடைத்தது: நான்கு ஆண்டுப் பணிக்கு ஆளெடுக்கும் அக்னிபத் திட்டத்தில் புதிதாக விண்ணப்பியுங்கள். இரண்டு வருடக் காத்திருப்பை ஒரே வரியில் முடித்துவைக்கும் சொற்சிக்கனம் எழுத்தாளர்களுக்கே வாய்ப்பதில்லை. நான்கு ஆண்டு முடிந்தால் நூற்றுக்கு 25 பேர் வரை பணியில் நீடிக்கலாம். மற்றவர்களை இளமை மாறாமல் வீட்டுக்கே அனுப்பிவைக்கும் கருணையும் அதிலேயே உண்டு.

சிப்பாய்களிடம் காட்டும் அக்கறையையும் சொல்ல வேண்டும். 2020 ஜூலையில் பேஸ்புக், இன்ஸ்டாகிராம் உட்பட 89 செயலிகளைக் கைப்பேசியிலிருந்து நீக்கச் சொன்னார்கள். ரகசியம் கசியக்கூடாது, நியாயம்தான். மக்களோடு உறவாடும் பாரத்தை ராணுவமே சுமந்துகொண்டு, சிப்பாயை அதிலிருந்து விடுவித்துவிட்டது. வீட்டுக்கு வீடு பட்டாளத்துக்கு ஆள் அனுப்பி ராணுவப்பேட்டை என்றே பேர்வாங்கிய வேலூர் கம்மவான்பேட்டையில், மகனின் முகத்தை பேஸ்புக்கில் தேடும் தாய்க்கும் குறையில்லை. ராணுவத்தின் பக்கத்தில் யாரோ பெற்ற பிள்ளைகள் அணிவகுத்துப் போவதைத் துல்லியமான படமாகக் காட்டுகிறார்கள்.

பதிவுகள் பெரும்பாலும் இந்தியிலும் ஆங்கிலத்திலும் வருகின்றன. தமிழ் மட்டும் படித்த பையன்களுக்கு அர்த்தம் புரியாவிட்டாலும் வீரம் புரிந்துவிடுகிறது. ஓடி முடித்து மூச்சுவாங்க உட்காரும்போது அவர்கள் கேட்பது ஒன்றுதான்: நாலு வருஷம் கழிச்சு எனக்கு என்ன வேலை? இதற்கும் ராணுவத்தின் பக்கத்தில் வீடியோ இருக்கிறது. இசை அருமை.