இரண்டு எரிபொருள், ஒரே மறதி

2023 பிப்ரவரியில் கேப்ரியேல் புயல் ஆக்லாந்தில் மின்சாரத்தைப் பறித்த பிறகு, அந்நகரின் ஆல்பனிக்காரர் பெட்ரோலிலும் கேஸிலும் ஓடும் ஜெனரேட்டர் வாங்குவதில் நியாயமுண்டு. அது கிளம்பவில்லையென்று திட்டுவதில்தான் இல்லை. மாதக்கணக்கில் கிடந்த பெட்ரோல் கார்புரேட்டரில் பிசினாய் அடைத்துக்கொள்கிறது. பழுது இயந்திரத்துக்கல்ல, ஞாபகத்துக்கு. “அதற்குத்தானே கேஸ், அது கெடாதே?” என்பீர்கள். கெடாதுதான், ஆனால் 9 கிலோ சிலிண்டரைக் கோடையிலேயே பார்பிக்யூ குடித்திருக்கும். நிறைந்தே இருந்தாலும், ஆயில் குறைந்தால் சென்சார் இரண்டு எரிபொருளையும் சமமாக அவமதித்து இஞ்சினை நிறுத்திவிடும். அந்த சென்சாரையே கழற்றிவிடும் மேதைகளும் உண்டு. காய்ச்சல் காட்டுகிறதென்று தெர்மாமீட்டரை உடைக்கிற வைத்தியம். மழைக்குப் பயந்து கராஜுக்குள் ஓட்டுவது மட்டும் சிரிப்புக்குரியதல்ல: புகையோடு வரும் கார்பன் மோனாக்சைடு நச்சுக்கு மணமே கிடையாது.