செயலாளர் ஆயிட்டியாமே பேராண்டி!

ஏலே பேராண்டி, இப்படி வந்து உக்காரு. இந்தத் தடவை நம்ம சபை வாலிபர் சங்கத்துக்கு நீதான் செயலாளராமே? சந்தோசம். பதவி வந்து ஒரு வாரம் ஆகல, அதுக்குள்ள கீபோர்டு, கலர் லைட்டு, பேர் அடிச்ச டீசர்ட்டுன்னு நன்கொடை ரசீதுப் புஸ்தகம் அடிச்சிட்டியாம். வாலிபப் பிள்ளையளுக்கு என்ன வேணும்னு ஒரு பிள்ளைகிட்டயும் கேக்காமலே கண்டுபிடிச்சிட்டியே, அது லேசுப்பட்ட வரமா!

நானும் அந்த நாற்காலியில இருந்து எந்திரிச்சு வந்தவன்தான். நாலு விசயம் தேறிச்சு, சொல்லுதேன். பிடிச்சா எடுத்துக்க. பிடிக்கலன்னா சேகரக் கமிட்டிக்கு அனுப்பி வை. அங்க போனது எதுவும் திரும்பி வந்து உன்னையத் தொந்தரவு பண்ணாது.

1844-ல லண்டன்ல ஒய்.எம்.சி.ஏ.வ ஆரம்பிச்ச ஜார்ஜ் வில்லியம்ஸ் யாருன்னு நினைக்க? பிஷப்பா? துணிக்கடையில வேலை பாத்த 22 வயசுப் பையன். விடிஞ்சா அடைஞ்சா கடையே கதின்னு கிடந்த தன் கூட்டாளிகளச் சேத்து வச்சு ஜெபம் பண்ணுனான், வேதம் வாசிச்சான். கடைப் பையன் பாடு கடைப் பையனுக்குத் தெரியும், அதான் சங்கதி. கலர் லைட்டு அவன்கிட்ட இல்ல, பாவம்.

நீ என்ன செய்தே? மேலத்தெருப் பையன் நாலு வாரமா வரலன்னதும், "பின்மாறிப் போனான்"னு கூட்டத்துல அழுதியாம். லே, அவன் சென்னையில பலசரக்குக் கடை வேலைக்குப் போயிருக்கான். அங்க ஞாயித்துக்கிழமைதான் யாவாரமே. ஒரு போனப் போட்டு "சாப்பிட்டியாடே"ன்னு கேட்டிருந்தா உனக்குக் கண்ணீர் மிச்சம், அவனுக்கு ஊரு ஞாபகம் மிச்சம்.

அடுத்து, ரகசியம். நம்ம சபையில ரகசியத்துக்கு இன்னொரு பேரு ஜெபக்குறிப்பு. ஒரு பிள்ளை தன் வீட்டுக் கஷ்டத்தை உன்கிட்ட வந்து சொல்லும். நீ ரொம்பப் பாரத்தோட, "பேரு வேண்டாம், கிணத்துக்குப் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்காக ஜெபிச்சுக்கோங்க"ன்னு சொல்லுவே. ஊர்ல கிணறு ஒண்ணுதான். அந்தப் பிள்ளை அதுக்கப்புறம் சாகுற வரைக்கும் யார்கிட்டயும் வாயத் திறக்காது. கேட்டதை உன்னோட வச்சுக்க. ஆனா பிள்ளைய யாராவது அடிக்கான், தொடுதான்னு தெரிஞ்சா மூடி வைக்காதே; பெரியவங்ககிட்டயும் போலீசுகிட்டயும் போ. தனியாப் பேசணும்னா கதவத் திறந்து போட்டுப் பேசு. உன் பரிசுத்தம் பெருசுதான், இருந்தாலும் கதவு திறந்தே இருக்கட்டும்.

புத்தி சொல்லுறதுக்கும் ஒரு அளவு இருக்கு. பதனிக் கலயத்துல சுண்ணாம்பு தடவுற மாதிரிதான். குறைஞ்சா புளிச்சுக் கள்ளாயிரும், கூடினா நாக்கு வெந்துரும். நீ கலயம் கொள்ளச் சுண்ணாம்பக் கொட்டிட்டு, பயலுவ ஏன் குடிக்க மாட்டேங்கான்னு உபவாசம் இருக்கே.

பையன் எங்க வாயத் திறப்பான்னு கேளு. சாட்சி சொல்ல மைக்கக் குடுத்தா "எல்லாருக்கும் ஸ்தோத்திரம்"னு சொல்லிட்டு உக்காந்துருவான். அதே பயல அசன விருந்துக்கு முந்துன ராத்திரி பாரு. கோயில் பின்னால வரிசையா அண்டா, விறகுப் புகை, ஒரு பக்கம் வெங்காயம் உரிக்கான், ஒரு பக்கம் கறி கழுவுதான். ரெண்டு மணிக்கு மேல பெருசுக எல்லாம் பாயில சாஞ்சிருவாவ. அப்போ துடுப்பப் பிடிச்சுக் கிண்டிக்கிட்டே, அடுப்பப் பாத்தபடி சொல்லுவான்: "அண்ணே, ஆறு அரியர் இருக்கு, அப்பாவுக்குத் தெரியாது." கை வேலையா இருந்தா வாய் தானா வரும். நீ எதிர்ல நின்னு வசனம் எடுக்காதே. பக்கத்துல நின்னு நீயும் ஒரு துடுப்பப் பிடி.

பொம்பளைப் பிள்ளையள கோலம் போடவும் பூ சோடிக்கவும் மட்டும் கூப்பிடுதியாமே. கணக்குப் புஸ்தகத்த அதுககிட்ட குடுத்துப் பாரு. டீசர்ட்டு விலை என்னன்னு மறுநாளே தெரிஞ்சிரும். அந்தப் பயத்துலதான் குடுக்காம இருக்கியோ என்னவோ.

அடுத்து, சிநேகம். நம்ம வெள்ளாளன்விளையில 1874-ல பிறந்த அசரியா, இருபது சொச்சம் வயசுல ஒய்.எம்.சி.ஏ. செயலாளரு. 1903-ல பாளையங்கோட்டையில இந்திய மிஷனரி சங்கம் தொடங்கினவங்கள்ல முக்கியமான ஆளு. அப்போ முப்பது கூட ஆகல. 1910-ல எடின்பரோ மாநாட்டுல வெள்ளைக்கார மிஷனரிமாருக்கு முன்னால நின்னு, நீங்க செஞ்ச தியாகம் எல்லாம் சரி, ஆனா எங்களோட சிநேகமாப் பழகுங்கன்னு கேட்டுப்போட்டாரு. பல பேருக்கு முகம் கறுத்துப் போச்சு. இன்னைக்கு உன் பயலுவ உன்கிட்டக் கேக்கதும் அதேதான். மரியாதைக்குச் சொல்லாம இருக்காவ. நீ வெள்ளைக்காரனும் இல்ல, உனக்கு என்ன நோவு?

கடைசியா ஒண்ணு. நாப்பத்தஞ்சு வயசுலயும் தலைக்கு மை போட்டுக்கிட்டு "வாலிபர் தலைவர்"னு திரியுற ஆளுகள நம்ம சேகரத்துலயே பாத்திருக்கே. இப்பவே ஒரு பயலக் கூட வச்சு வேலையக் கத்துக் குடு. அவன் தப்பும் தவறுமாச் செய்வான், செய்யட்டும். நீ செய்யுறத நாங்க பொறுத்துக்கலையா?